படுத்தால் கூடுகிற வலி

சென்ற இரண்டு வாரங்களாக இந்தப் பக்கத்தில் நான் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்துச் சிலர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன்... கட்டிலில் இல்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் போட்ட ஸ்டூலில்.

என் தம்பி மனைவி எமிலிக்கு இது மூன்றாம் மாதம். ஒரு திங்கட்கிழமை காலை குசினியில் அடுப்புப் பக்கம் நின்றிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட குரலிலேயே தெரிந்துவிட்டது. சேலையில் ரத்தம். அதிகம் இல்லை. ஆனால் பிள்ளை தங்கிய வயிற்றிலிருந்து வரும் ரத்தத்தில் கொஞ்சம் என்றும் அதிகம் என்றும் யாரால் பிரித்துப் பார்க்க முடியும்?

தம்பி கப்பலில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வாடகைக் கார் வருவதற்குள் நான் பையை அடுக்கினேன். மாற்றுச் சேலை, பழைய வேட்டித் துணி, பிளாஸ்க், டம்ளர், துண்டு. எது எதற்கு அடியில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு முறை உண்டு. அந்த நேரத்திலும் எமிலிக்குச் சிரிப்பு வந்தது. “தலையாணி உறையை இஸ்திரி போட்டுட்டீங்களா மதினி?” என்றாள். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

பெண்கள் வார்டில் இடம் கிடைத்தது. வார்டுக்குப் பொறுப்பான டாக்டரம்மா ஐம்பது வயதை நெருங்குகிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் பாதியில் நிறுத்தமாட்டார். எமிலி கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டாள். குடம் தூக்கினேனே, அதனாலா? மாடிப்படி ஏறினேனே, அதனாலா? பப்பாளிப் பழம் ஒரு துண்டு வாயில் போட்டேனே...?

எதனாலும் இல்லை என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. முதல் மூன்று மாதத்தில் ரத்தம் கண்டவர்கள் எல்லோருக்கும் பிள்ளை போய்விடுவதில்லை. கொஞ்சமாகக் கண்டு, தானாகவே நின்று, நல்லபடியாகப் பெற்றெடுத்தவர்கள் எத்தனையோ பேர். சிலருக்குத் தங்காமல் போவதும் உண்டு. அதற்கும் குடத்துக்கும் சம்பந்தமில்லை. அடிவயிற்று வலி கூடுகிறதா, ரத்தம் கட்டி கட்டியாகப் போகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, நாற்றம் இருக்கிறதா, இவற்றைத்தான் கவனிக்க வேண்டும். மாற்றிய துணியை வெட்கப்பட்டு ஒளிக்கக் கூடாது, காட்ட வேண்டும்.

“உள்ளே என்ன நடக்குதுன்னு என் கண்ணால பாக்க முடியாது. நீங்க சொல்றதுதான் எனக்குக் கண்ணு. அதனால எதையும் மறைக்காதீங்க” என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். அது எமிலியைவிடப் பக்கத்துக் கட்டிலுக்கு வரப்போகிறவளுக்குத் தேவைப்பட்ட வாக்கியம் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

அவள் புதன்கிழமை முற்பகலில் வந்தாள். உப்பு லாரியில் வந்தாள். தருவைகுளம் போகிற சாலையில் உள்ள ஓர் உப்பளத்தில் வேலை. பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் வாரி ஒதுக்க, பெண்கள் அதை ஓலைப்பெட்டியில் சுமந்து தட்டுமேட்டில் கொண்டுபோய்க் குவிப்பார்கள். தட்டுமேடு என்றால் உப்பை அம்பாரமாகக் கொட்டி வைக்கிற உயர்ந்த திட்டு. அந்தத் திட்டில் ஏறும்போது பெட்டியோடு மயங்கி விழுந்திருக்கிறாள். பங்குனி வெயில். லாரிக்காரர் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

பெயர் அன்னக்கனி. இருபத்தைந்து வயதிருக்கும். மாமியார் பொன்னுத்தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வார்டுக்குள் வந்தாள். குதிகாலில் வெள்ளை வெள்ளையாக வெடிப்பு. சேலைக் கரையில் உப்புப் பூத்து விறைத்திருந்தது. முன்னால் இருந்த டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, வெயில் மயக்கம், ஒரு பாட்டில் ஏற்றினால் சரியாகிவிடும் என்று அனுப்பியிருந்தார். எமிலிக்கு அடுத்த கட்டில் காலியாக இருந்தது.

வந்து உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை மயக்கத்தைப் பற்றியது அல்ல. தோளைப் பற்றியது.

இடது தோள். ஒரு வாரமாகவே வலியாம். பொன்னுத்தாய் அந்தக் கதையை எங்களிடம் விவரமாகச் சொன்னாள். சுமை பிசகிவிட்டது என்று சுளுக்குத் தடவுகிற அம்மாளிடம் கூட்டிப் போனார்களாம். எண்ணெய் போட்டு நீவி, கையை உதறி இழுத்துவிட்டார்களாம். அடங்கவில்லை. வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார்களாம். அப்போதைக்குச் சுகமாக இருந்து மறுபடி வந்ததாம். ஆஸ்பத்திரியிலும் பொன்னுத்தாய் சும்மா இருக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த உப்பு முடிச்சை எடுத்துக்கொண்டு வாசல் டீக்கடைக்குப் போய், அடுப்புக் கல்லில் சூடுபடுத்தி, ஓட்டமாக ஓடி வந்து மருமகள் தோளில் வைத்தாள்.

அந்த மாமியாரைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி ஓடிவந்து ஒத்தடம் கொடுக்கிற மாமியார் எத்தனை வீட்டில் உண்டு?

அன்னக்கனி வாயாடி. கண்ணைத் திறந்து வைத்திருக்கவே சிரமப்பட்டாள், ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டே மாமியாரைப் பார்த்து, “ஏ அத்த, இதைக் கழத்தி ரெண்டு நாளு உப்புக்குள்ள போட்டு வச்சிட்டுப் பொறவு எடுத்து மாட்டுவமா? கருவாடு கணக்கா கெட்டுப்போவாம இருக்கும்லா” என்றாள்.

“சிரிக்காதளா. இன்னும் பிசகிரும்” என்றாள் பொன்னுத்தாய்.

பிறகு அன்னக்கனி எமிலியிடம் திரும்பி எதற்காகப் படுத்திருக்கிறாய் என்று விசாரித்தாள். எமிலி சொன்னாள். மூன்று மாதம் என்றதும் அன்னக்கனி அவள் வயிற்றையே பார்த்தாள். ஒன்றும் தெரியாத தட்டையான வயிறுதான். ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எனக்குக் கலியாணமாயி ஆறு வருசம். இந்த வயித்துக்கு மாசக் கணக்கே தெரியாது. கெடக்கட்டும், நீங்க பயப்படாதீக. ஒங்களுக்குத் தங்கும்” என்றாள்.

எமிலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பிளாஸ்க்கைத் திறந்து அன்னக்கனிக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு மடக்குக்கு மேல் அவளால் குடிக்க முடியவில்லை. படுத்துக்கொள் என்றேன். படுத்தாள். உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் வந்து கண்டித்தாள். கையில் ஊசியோடு உட்கார்ந்தால் பாட்டில் இறங்காது என்று பிடித்துப் படுக்க வைத்தாள். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி எழுந்துவிட்டாள்.

டாக்டரம்மா வரும்போது அவள் அப்படித்தான் இருந்தாள். தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு.

டாக்டரம்மா முதலில் எமிலியைப் பார்த்தார். ரத்தம் குறைந்திருக்கிறது என்றார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் அடுத்த வரிசைக்குப் போகத்தான் திரும்பினார். உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் நின்றார்.

“பாட்டில் ஏறும்போது ஏன் உக்காந்திருக்கே?”

“படுத்தா தோளு வலிக்கும்மா.”

“உக்காந்தா?”

“கொறையுது.”

இதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிகிறதா? டாக்டரம்மாவுக்குப் புரிந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து, அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். பிடித்த கையை விடாமலே, கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய் என்று கேட்டார்.

பதில் மாமியாரிடமிருந்து வந்தது. “அதெல்லாம் குளிச்சிட்டா டாக்டரம்மா. இப்பந்தான், ஒரு வாரத்துக்கு முந்தி.”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாளா இல்லையா என்பதற்கு வீட்டில் ஒரே ஒரு சோதனைதான். முழுகிவிட்டாளா, முழுகவில்லையா? முழுகாமல் இருக்கிறாள் என்றால் சந்தோஷம். முழுகிவிட்டாள் என்றால் அந்த மாதத்துப் பேச்சு அதோடு முடிந்தது. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்பது மரியாதையும் இல்லை.

அன்னக்கனிக்கு இந்த முறை நாள் தள்ளிப் போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. ஆறு வருஷத்தில் எத்தனை முறை சொல்லி, எத்தனை முறை வெட்கப்பட்டிருப்பாள்! வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு ஒருநாள் ரத்தம் கண்டது. “வந்துட்டு அத்த” என்று சொல்லிவிட்டு, கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். பேச்சு முடிந்தது.

டாக்டரம்மா மாமியாரைக் கேட்கவில்லை. மருமகளைக் கேட்டார். “எப்பவும் வர்ற மாதிரி வந்துதா?”

அன்னக்கனி எங்கள் எல்லோரையும் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “இல்லம்மா. கொஞ்சூண்டுதான் பட்டுது. கறுப்பா, காப்பித்தூளு கணக்கா. இன்னும் நிக்கல. ஒரு பக்கமா வயிறு இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. உப்புச் சூடுன்னு நெனச்சேன்.”

திரையை இழுத்துவிட்டார்கள். உள்ளே டாக்டரம்மா பேசியது கேட்கவில்லை. ஒரு முறை அன்னக்கனி அலறியது கேட்டது. நர்ஸ் ஒரு தட்டில் பெரிய ஊசிக்குழலை வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அதில் கறுத்த ரத்தம். உறையாத ரத்தம். அது வயிற்றுக்குள்ளிருந்து எடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது.

டாக்டரம்மா திரைக்கு வெளியே வந்து பொன்னுத்தாயிடம் நேராகவே சொன்னார். பிள்ளை கர்ப்பப்பையில் தங்கவில்லை. அதற்குப் போகிற குழாயிலேயே தங்கிவிட்டது. அங்கே வளர இடமில்லாமல் குழாய் வெடித்துவிட்டது. வயிறு முழுக்க ரத்தம். இப்போதே அறுத்துக் கட்ட வேண்டும். புருஷன் எங்கே? ரத்தம் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

பொன்னுத்தாய் கையில் இருந்த உப்பு முடிச்சை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டது இதுதான்.

“அப்போ... இவ மலடி இல்லியா டாக்டரம்மா?”

டாக்டரம்மா “இல்லம்மா” என்றார்.

திரைக்குள்ளே இருந்தவளுக்குக் காது நன்றாகக் கேட்டிருக்கிறது. ஸ்ட்ரெச்சரில் மாற்றி வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது அன்னக்கனியின் உதடு வெளுத்து, நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. ஆனால் முகம்... அந்த முகத்தை எப்படி எழுதுவது? அவள் சந்தோஷமாக இருந்தாள்.

“அத்த, கேட்டீகளா? நான் முழுகாமத்தான் இருந்திருக்கேன்.”

எமிலியின் கட்டிலைத் தாண்டும்போது தலையைத் திருப்பினாள். “எனக்கும் ரெண்டு மாசமாம்லா” என்றாள்.

பிள்ளை இனி இல்லை என்பதை யாரும் அவளுக்குச் சொல்லாமல் இல்லை. டாக்டரம்மா திரைக்குள் தெளிவாகச் சொன்னாராம். அவள் காது அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வருஷமாகக் கேட்கக் காத்திருந்த ஒரு வார்த்தையைக் கேட்டவுடன் மற்ற வார்த்தைகளுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரித்து எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அவள் ரத்தத்தோடு சேருகிற ரத்தம் ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் இருந்தது. அதை ஏற்றினார்கள். போதவில்லை. பொன்னுத்தாய் கையை நீட்டினாள். அவள் ரத்தம் சேரவில்லை. நான் நீட்டினேன், என்னுடையதும் சேரவில்லை. அன்னக்கனியின் புருஷன் முத்தையாவுக்குப் புதுத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை. ஆஸ்பத்திரி சைக்கிள்காரரை அனுப்பினோம். துறைமுகம் பக்கத்திலா இருக்கிறது? அங்கே போய், எந்தக் கப்பலில் இருக்கிறான் என்று விசாரித்து, கப்பலின் வயிற்றுக்குள் இருந்தவனைக் கூப்பிட்டு மேலே ஏற்றி...

முத்தையா வந்தான். தனியாக வரவில்லை. அவனோடு வேலை செய்கிற ஏழெட்டுப் பேர், சட்டைகூடப் போடாமல், மாவுத் தூசி படிந்த உடம்போடு ஒரு லாரியில் வந்து இறங்கினார்கள். என்ன ஏது என்று கேட்கவில்லை. வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டினார்கள். இரண்டு பேருடையது சேர்ந்தது.

ரத்தம் கிடைத்துவிட்டது. ஏற்றிக்கொள்ளத்தான் அவள் இல்லை.

டாக்டரம்மா ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்து சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். முத்தையா அவர் முன்னால் போய் நின்றான். அவர் சொன்னதைக் கேட்டான். பிறகு தன் தாயாரிடம் வந்து, “என்னம்மா சொல்லுதாவ? உண்டாயிருந்தான்னா சொல்லுதாவ?” என்று கேட்டான். மனைவி உண்டாகியிருந்ததும் அவள் செத்துப்போனதும் அவனுக்கு ஒரே மூச்சில் வந்த செய்தி. எதற்கு முதலில் அழுவது என்று தெரியாமல் நின்ற மனிதனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா எமிலியைப் பார்க்க வந்தபோது நான் கேட்டேன். குழாய் வெடித்தது அடிவயிற்றில். வலி ஏன் தோளில்?

அவர் பொறுமையாகச் சொன்னார். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் மேலே ஏறி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற தசைத் திரையைத் தொடுகிறது. அந்தத் திரைக்குப் போகிற நரம்பும் தோளுக்கு வருகிற நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. உடம்பு குழம்பிப்போய், வலியைத் தோளில் காட்டுகிறது. படுத்தால் ரத்தம் மேலே ஏறும், வலி கூடும். நிமிர்ந்து உட்கார்ந்தால் கீழே இறங்கும், வலி குறையும்.

“சுமை தூக்கின வலின்னா படுத்தா குறையணும். படுத்தா கூடுற தோள்வலி தோளோட வலி இல்ல” என்றார்.

இதை நான் அப்படியே இங்கே எழுதுகிறேன். படிக்கிற பெண்கள் படிக்காத பெண்களுக்குச் சொல்ல வேண்டும். நாள் தள்ளிப்போய், பிறகு கொஞ்சமாக, வழக்கத்துக்கு மாறாக ரத்தம் கண்டால், அது மாதவிலக்குதான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அதோடு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி இருந்தால், தலை சுற்றினால், கண் இருட்டினால், வேர்த்துக்கொட்டினால், படுக்கும்போது தோள்பட்டை வலித்தால், நீவிவிடுகிறவரைத் தேடிப் போகாதீர்கள். அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும், நாள் தள்ளிப் போயிற்று என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

எழுதிவிட்டேன். எழுதினால் என்ன ஆகும்?

அன்னக்கனியின் உடம்பு மூன்று தடவை கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறது. வயிறு என்று சொன்னது. உப்புச் சூடு என்று அவளே நினைத்துக்கொண்டாள். தோள் என்று சொன்னது, சுமை என்றார்கள். மயக்கம் என்று சொன்னது; வெயில் என்றார்கள். எதுவும் பொய் இல்லை பாருங்கள்! சூடு உண்டு, சுமை உண்டு, வெயில் உண்டு. உப்பளத்தில் எல்லா வலிக்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. பதில் கையில் இருக்கிறபோது யார் கேள்வி கேட்பார்கள்?

எமிலிக்கு ரத்தம் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டோம். பிள்ளை தங்கிவிடும் போலிருக்கிறது. மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனேன். முழங்காலில் நின்றேன். நன்றி சொல்ல வாயைத் திறந்தால் அந்தப் பெண்ணின் வெளுத்த உதடு கண்முன் வந்து நின்றது. எமிலிக்குத் தங்கும் என்று சொன்னவள் அவள்தான். மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சென்ற வெள்ளிக்கிழமை பொன்னுத்தாய் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. எமிலியைப் பார்க்கிறாயா என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டாள், பிள்ளைத்தாய்ச்சி முன்னால் நான் வந்து நிற்கக்கூடாது என்றாள். அவளுக்கு என்னிடம் ஒரே ஒரு உதவிதான் வேண்டும். சாட்சி சொல்ல வேண்டும்.

வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்குப் பாதையோரம் சுமைதாங்கிக் கல் நடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு கல்லை நிறுத்தி, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் தயவும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறலாம். இறக்க முடியாத சுமையோடு போனவளுக்கு அதனால் ஆறுதல் கிடைக்கும் என்று நம்பிக்கை. பொன்னுத்தாய் தன் மருமகளுக்கு அப்படி ஒரு கல் நடவேண்டும் என்கிறாள். உறவுக்காரர்களில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு தெரிந்தவளுக்குத்தான் கல். இவளுக்கு எங்கே வயிறு தெரிந்தது? அதுவும், எல்லோரும் பார்க்கத் தலைக்கு ஊற்றிக்கொண்டவள்!

“டாக்டரம்மா சொன்னதை நீங்களுந்தான கேட்டீக? ஒரு வார்த்தை வந்து சொல்லிருங்கம்மா. மலடின்னே எம்மருமவளை மண்ணுக்குள்ள அனுப்பிட்டோம்னு இருக்கக்கூடாது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போனேன். உப்பளத்துக்குத் திரும்புகிற பாதையில் உடைமரத்து அடியில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். அவர்களில் பெரியவர் முத்தையாவின் சித்தப்பா. நான் கேட்டதைச் சொன்னேன். டாக்டரம்மா கர்ப்பம் என்று சொன்னார், பிள்ளை குழாயில் தங்கியிருந்தது என்று சொன்னார், அதனால்தான் இறந்தாள். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “படிச்ச அம்மா சொல்லுதாவ. பொறவு என்ன? நட்டுருவோம்” என்றார். பொன்னுத்தாய் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். முத்தையா திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வந்த காரியம் முடிந்தது. நான் பேசாமல் திரும்பியிருக்கலாம். ஆனால் என் முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் உப்புச் சுமக்கிற பெண்கள். ஆகவே மற்றதையும் சொல்லத் தொடங்கினேன். நாள் தள்ளிப் போவது, கொஞ்சமாக ரத்தம் படுவது, தோள் வலி...

ரத்தம் என்ற சொல் வந்ததும் ஆண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து சாலைப் பக்கம் போய்விட்டார்கள். பெண்கள் நின்றார்கள். மரியாதைக்காக நின்றார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் முழங்கையை இடித்தாள். கடைசியில், நடுவயதுக்காரி ஒருத்தி, சண்டைக்காக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோல் என்னைக் கேட்டாள்.

“அக்கா, இங்கன தோளு வலிக்காதவ யாரு இருக்கா? படுத்தாலும் வலிக்கு, நின்னாலும் வலிக்கு. எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனா உப்பை ஆரு அள்ளுவா?”

என்ன பதில் சொல்வது? உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். டாக்டரம்மா சொன்ன அடையாளம் சரியானது. ஆனால் அது வலி இல்லாத தோள்களுக்குச் சொன்ன அடையாளம். தினமும் வலிக்கிற தோளில் புதிதாக வந்த வலியை எப்படிப் பிரித்து எடுப்பது? நாள் தள்ளிப் போனதை மட்டுமாவது மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். சரிக்கா என்றார்கள். அந்தச் சரி எப்படிப்பட்ட சரி என்று உங்களுக்கே தெரியும். மழைக்காலம் வந்தால் குடை வாங்குவோம் என்று சொல்கிற மாதிரி ஒரு சரி.

அதற்குள் கொத்தனார் வந்துவிட்டார். இடத்தைக் குறித்தார்கள். கல்லை எவ்வளவு உயரத்துக்கு நிறுத்துவது என்று அவர் கேட்டார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பொன்னுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். “எம்மருமவ தோளு உசரத்துக்கு வையிங்க” என்றாள். மருமகளைவிடக் குட்டையான அவள், கையை நீட்டித் தன் காது மடலுக்கு நேராகப் பிடித்து, “இங்கன வரும்” என்று காட்டினாள்.

கொத்தனார் தரையிலிருந்து அந்தக் கைவரைக்கும் நூல் பிடித்து முடிச்சுப் போட்டார். சந்தேகம் வந்து இன்னொரு முறையும் பிடித்தார். எல்லோரும் கிட்டே வந்து நின்று, அந்த உயரம் சரிதானா என்று கவனமாகப் பார்த்தார்கள்.

கடைசிவரைக்கும் எல்லோரும் அவள் தோளைத்தான் பார்த்தார்கள்.